எட்டு மடிப்புத் திரை

காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கியும், திரையை எந்தக் கடையில் விற்றோம் என்பது போங்சுனுக்கு ஞாபகம் வரவில்லை. வராது என்று ஹேரானுக்கும் தெரியும். ஆனாலும் விடாமல் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

பழம்பொருள் கடைகள் நிறைந்த இன்சாதொங் தெருவில் அன்று சனிக்கிழமைக் கூட்டம். வாடகைப் பட்டுப் பாவாடை கட்டிய பெண்கள் கல் யானைகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிங்கோ மரங்கள் பழத்தை உதிர்த்திருந்தன. மிதிபட்ட பழத்தின் மலநாற்றம் செருப்போடு ஒட்டிக்கொண்டு, ஏறிய கடைக்குள்ளெல்லாம் கூடவே வந்தது. கடைக்காரர்கள் முதலில் செருப்பைப் பார்த்தார்கள், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

"இந்தக் கடையா இருக்குமோ?" என்று போங்சுன் ஒரு பித்தளைக் கடை முன்னால் நின்றாள்.

"இதுலதான் வித்தீங்களா அக்கா?"

"இருக்கலாம்னுதானே சொன்னேன். போய்க் கேளு. வாய் இருக்குல்ல."

உள்ளே இருந்த கிழவி ஹேரானை ஏற இறங்கப் பார்த்தாள். "மடிப்புத் திரையா? பித்தளைக் கடைல வந்து திரை கேக்கறியே, உனக்குக் கண்ணு தெரியலையா, போர்டு தெரியலையா? கிண்ணத்தைத் தொடாத. தொட்டா வாங்கணும்."

வெளியே வந்தபோது போங்சுன் வறுத்த கஷ்கொட்டைப் பாக்கெட் ஒன்றை வாங்கி உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஹேரானுக்கு ஒன்றுகூட நீட்டவில்லை.

இரண்டு பேரும் ஓரகத்திகள். போங்சுன் மூத்தவன் பெண்டாட்டி, ஹேரான் இளையவன் பெண்டாட்டி. அந்த வீட்டின் திதிகளெல்லாம் மூத்தவன் வீட்டில்தான் நடந்துவந்தன. போங்சுன் கிறிஸ்தவச் சபையில் சேர்ந்து, அங்கே உதவிக்காரி ஆகி, போன வசந்த காலத்தில் ஒரு நாள், செத்தவர்களுக்கு முன்னால் இனிமேல் மண்டியிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. திதிப் பித்தளைக் கிண்ணங்கள், ஊதுவத்திச் சட்டி, மேசைக்குப் பின்னால் நிறுத்தும், மரச் சட்டத்தில் காகிதம் ஒட்டிய எட்டு மடிப்புத் திரை எல்லாவற்றையும் வண்டி வைத்து இன்சாதொங்குக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டாள். இளையவன் வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்று சொந்தக்காரர்களிடம் ஒரு பொய்யையும் சொல்லி வைத்தாள்.

நாளை சாயங்காலம் மாமனார் திதி. ஹேரான் வீட்டில் நடக்கப்போகும் முதல் திதி. ஆன்தொங் ஊரிலிருந்து சின்ன மாமனார் வருகிறார். மாமனாரின் கூடப் பிறந்த தம்பி. அவர் போனிலேயே சொல்லிவிட்டார்: "ஒரு குறை கண்டாலும் சரி, திதியை நான் ஆன்தொங்குக்கே எடுத்துட்டுப் போயிடுவேன். உன் வீட்ல அப்புறம் ஒரு ஊதுவத்திகூட ஏத்த வேண்டாம்."

கிண்ணங்களைச் சந்தையில் புதிதாக வாங்கிவிட்டாள். திரைக்கு மாற்று கிடையாது. சின்ன மாமனார் சிறுவயதிலிருந்து பார்த்த திரை.

அவர் பயமுறுத்தியதற்காக மட்டும் அவள் இப்படி அலையவில்லை. ஹேரான் கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். தாய் தகப்பன் பேர் தெரியாது. கல்யாணமான பிறகு வந்த முதல் திதியில் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் கால் வைத்தபோது, இதே சின்ன மாமனார், "வேர் தெரியாத பொண்ணு உள்ள வர வேண்டாம்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து அவள் சமையலறைதான். அந்த வீட்டில் கூடத்தின் வடக்குப் பக்கத்தில் சமையலறை வாசல். அந்த வாசலை அடைத்துத்தான் திரையை நிறுத்துவார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களும் மூத்த மருமகளான போங்சுனும் ஊதுவத்தி ஏற்றி விழுந்து கும்பிடுவார்கள். இந்தப் பக்கம் ஹேரான் தரையில் அடுப்பை வைத்துக்கொண்டு மீனையும் காயையும் முட்டையில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருப்பாள். முகத்துக்கு நேரே திரையில் வரைந்த சிவப்பு மோரான் பூக்கள். ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். கும்பிடுகிறவர்களின் முழங்கால் தரையில் படும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவள் அந்தப் பூக்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் முடிந்து, திரையை மடித்து உறை போட்டு ஓரமாகச் சாய்த்த பிறகுதான், சாப்பாட்டு மேசையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரச் சொல்வார்கள்.

நாளை அவள் முன்பக்கம் நிற்கப்போகிறாள். கோப்பையில் மதுவை ஊற்றி, இரண்டு கையாலும் வைத்து, விழுந்து கும்பிடப்போகிறாள். அதே திரைக்கு முன்னால் அதைச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி.

"கால் வலிக்குது" என்றாள் போங்சுன். "ஒரு டீக்கடைல உக்காரலாம். நாளைக்கு ஏதாவது வெள்ளைத் துணியைக் கட்டிக்கோ. செத்தவரு எழுந்து வந்தா பாக்கப்போறாரு?"

"உங்க வீட்ல இருந்தப்போ துணியா கட்டினீங்க?"

"அப்போ எனக்கு அறிவு இல்ல. இப்ப வந்துடுச்சு. உனக்குத்தான் இப்ப போயிடுச்சு."

"விக்கறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அக்கா?"

"உன்கிட்டயா?" போங்சுன் சிரித்தாள். "அந்த வீட்ல உன்கிட்ட யாரு என்னத்தைக் கேட்டிருக்காங்க, நான் கேக்கறதுக்கு?"

 தூரிகைக் கடை, காகிதக் கடை, முத்திரை வெட்டுகிறவனின் சந்து எல்லாம் தாண்டி நடந்தார்கள். ஒவ்வொரு கடைக்குள்ளும் போங்சுன் கூடவே வந்தாள். மூக்கைச் சுளித்தாள். விலை கேட்டாள். "இந்த உடைசலுக்கா?" என்று சொல்லி ஹேரானுக்கும் சேர்த்துத் திட்டு வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு சந்து முனையில், வாசலில் கல்யாணத்துக்குக் கொடுக்கும் மர வாத்துகள் ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்கிய கடைக்கு முன்னால் மட்டும் அவள் நின்றுவிட்டாள். எதிர் டீக்கடையின் விலைப் பலகையை ஊன்றிப் படித்தாள். இலந்தைப் பழ டீயின் விலையைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"உள்ள வரலையா அக்கா?"

"நீ போய்ட்டு வா. எனக்குத் தூசி ஒத்துக்காது."

காலையிலிருந்து தின்றதெல்லாம் தூசிதான். ஹேரான் உள்ளே போனாள்.

கடை நீளமாக, இருட்டாக இருந்தது. கடைசியில் இருந்தது திரை. எட்டு மடிப்பையும் விரித்து, மேலே விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கீழ்ப் பாதியை மறைத்தாற்போல ஒரு நீளமான அரிசிப் பெட்டி. பெட்டிக்கு மேலே சிவப்பு மோரான் பூக்கள் தெரிந்தன. வேறு வீட்டில் வைத்துப் பார்த்திருந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்கும். கிட்டே போனாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒரு ஆள் குறுக்கே வந்து நின்றான். கடைக்காரன் தாக்.

"பாக்கறதுன்னா தள்ளி நின்னு பாருங்கம்மா. மூச்சுக் காத்து பட்டாலே நிறம் போயிடும்."

"இது எங்க வீட்டுத் திரை."

"இங்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அரண்மனையே எங்க வீடுதான்னு ஒருத்தரு போன வாரம் வந்தாரு." பல்லைக் குத்திக்கொண்டே அவளைப் பார்த்தான். "வாங்கினா உங்க வீட்டுது. வாங்கற வரைக்கும் என்னுது."

விலையைச் சொன்னான். ஹேரானின் மூன்று மாதச் சம்பளம். மதிய உணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவுகிற சம்பளம். அவள் கொண்டுவந்த உறையில் அதில் பாதிதான் இருந்தது.

அதற்குள் போங்சுனும் உள்ளே வந்து கதவோரம் நின்றிருந்தாள். தாக் அவளைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டான். தெரிந்த முகத்தைப் பார்த்தவன் சட்டென்று தெரியாதவன்போல ஆவது ஹேரானின் கண்ணில் பட்டது.

"எதுக்கு வேணும்? கல்யாணமா, பேரக்குழந்தை பொறந்தநாளா?" என்றான்.

"நாளைக்கு மாமனார் திதி."

தாக் பல்குத்தியை வாயிலிருந்து எடுத்தான். போங்சுனைப் பார்த்தான். போங்சுன் ஒரு பழைய சேணத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கவே போகாத சேணம்.

"திதிக்கா" என்றான் தாக் மெதுவாக. அப்புறம் தோளைக் குலுக்கினான். "நல்லதும்மா. நல்லா இருக்கும். பூ எல்லாம் பாருங்க, உயிரோட இருக்கு."

"ஆமா, வாங்கிக்கோ" என்றாள் போங்சுன் சேணத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அழகா இருக்கு. சின்ன மாமனார் அசந்துபோயிடுவாரு. நாளைக்கு இதை நீ அவருக்கு முன்னால நிறுத்தினேன்னு வையி, உன் பேரை அவரு சாகற வரைக்கும் மறக்க மாட்டாரு."

காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. ஹேரானுக்கு அது பிடிபடவில்லை. நாள் முழுக்கக் காறித் துப்பின வாய் திடீரென்று ஏன் இனிக்கிறது?

"அந்தப் பெட்டியை நகர்த்துங்க. அடியில பாக்கணும்" என்றாள் கடைக்காரனிடம்.

"பெட்டி கனம்மா. அடியிலயும் இதே பூதான், இதே இலைதான்."

"நகர்த்தினாத்தான் வாங்குவேன்."

முனகிக்கொண்டே நகர்த்தினான். திரையின் கீழ்ப் பாதியில், இலைகளுக்கு மேல், பழுப்புப் பழுப்பாகப் பொட்டுகள். சில பெரிது, சில மிளகு அளவு. நடுவில் ஒரு மடிப்பில் வளைந்த தீய்ந்த தழும்பு ஒன்று.

"வயசுப் புள்ளிம்மா" என்றான் தாக். "நூறு வருஷமானா மனுஷனுக்கும் வரும், காகிதத்துக்கும் வரும். அதுதான் அழகே."

ஹேரான் குந்தி உட்கார்ந்தாள். அந்தத் திரைக்கு முன்னால் அவள் உடம்புக்குப் பழக்கமான உட்கார்வு அதுதான். உட்கார்ந்ததும் பூக்கள் அவள் முகத்துக்கு நேரே வந்தன. நகத்தால் ஒரு பொட்டைச் சுரண்டினாள். மெழுகுபோல நகத்தில் ஒட்டியது. முகர்ந்தாள். நல்லெண்ணெயும் மீனும்.

"இது வயசு இல்ல. எண்ணெய். நான் தெறிக்கவிட்ட எண்ணெய்." தீய்ந்த தழும்பைத் தொட்டாள். "இது நான் தோசைக்கரண்டியைச் சாய்ச்சு வெச்ச இடம். அன்னிக்கு என் கையில அடிச்சீங்களே அக்கா, ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ தடவை அடிச்சிருக்கேன்" என்றாள் போங்சுன். "ஒவ்வொண்ணா ஞாபகம் வெச்சுக்க முடியுமா?"

ஹேரான் எழுந்திருக்கவில்லை. கை அந்தத் தழும்பிலேயே இருந்தது. எண்ணெய் இந்தப் பக்கம் தெறித்திருக்கிறது. அவள் உட்கார்ந்தது இந்தப் பக்கம். பூக்களும் இந்தப் பக்கம். அப்படியானால் அந்தப் பக்கம் விழுந்து கும்பிட்டவர்கள் எதைப் பார்த்துக் கும்பிட்டார்கள்? இரண்டு பக்கமும் பூதான் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். நினைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வேறு ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"பின்பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. வெறும் வெள்ளைக் காகிதம். நான்தான் புதுசா ஒட்டினேன்."

"ஒட்டறதுக்கு முன்னால?"

தாக் மறுபடியும் போங்சுனைப் பார்த்தான். "எனக்கு எதுக்கு உங்க குடும்பச் சண்டை" என்றான்.

"திதிக்கு எந்தப் பக்கம் முன்னால இருக்கணும்? அதைச் சொல்லுங்க. சொல்லலைன்னா நான் இப்படியே வெளியே போறேன். இந்தப் பூ எல்லாம் மீன் எண்ணெய்னு இந்தத் தெரு முழுக்கச் சொல்லிட்டுப் போறேன்."

கடைக்காரன் யோசித்தது கொஞ்ச நேரம்தான். "பூ கல்யாணத்துக்கும்மா. செத்தவங்களுக்கு முன்னால பூவை வெச்சா, செத்ததுக்குச் சந்தோஷப்படறோம்னு அர்த்தம். திதிக்கு எழுத்துப் பக்கத்தை வெப்பாங்க. எழுத்து இல்லேன்னா வெறும் வெள்ளை. இதுல பின்னாடி எழுத்து இருந்துச்சு. கறுப்பு மையில பெரிய பெரிய எழுத்து."

"அவன் விக்கறதுக்காக என்ன வேணா சொல்லுவான்" என்றாள் போங்சுன். ஆனால் அவள் குரலில் இனிப்பு போய்விட்டிருந்தது.

ஹேரான் மெதுவாக எழுந்து திரும்பினாள். "தெரிஞ்சுதான் வாங்கிக்கோன்னு சொன்னீங்க."

"ஆமா, தெரிஞ்சுதான்." போங்சுன் சேணத்தை விட்டுவிட்டு நேரே பார்த்தாள். "என்ன இப்போ? நான் முப்பது வருஷம் அந்த வீட்ல முன்பக்கம் நின்னேன். சோறு வெச்ச திசை தப்பு, பழம் அடுக்கினது தப்பு, கும்பிட்டப்போ முதுகு வளைஞ்சது தப்பு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா செஞ்சேன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இப்ப நீ வந்து, நேத்து முளைச்சவ, முதல் தடவையே சரியாச் செஞ்சு பேரு வாங்கிட்டுப் போவியா? வாங்கு. பூவை வெச்சு வாங்கு."

தாக் பல்குத்தியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டான்.

"அந்த எழுத்து எங்க?" என்று ஹேரான் தாக்கைக் கேட்டாள்.

"அதை யாரு வாங்குவா? செத்த வீட்டு எழுத்து. உரிச்சு, படம் ஒட்டறவன்கிட்ட கொடுத்துட்டேன். பழைய காகிதம் உறுதியா இருக்கும். புதுப் படத்துக்கு முதுகுல அண்டை கொடுத்து ஒட்டிடுவாங்க. இந்நேரம் எந்த வீட்டுச் சுவர்ல, எந்தப் புலிப் படத்துக்குப் பின்னால இருக்கோ."

"அது யாரு எழுதினதுன்னு தெரியுமா அக்கா?"

போங்சுன் மறுபடி சேணத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். சின்ன மாமனார் வருஷா வருஷம் திதி முடிந்து குடிக்கும்போது, திரையைக் காட்டி உரக்கச் சொல்வதை, திரைக்குப் பின்னால் இருந்த ஹேரானும் கேட்டிருக்கிறாள். எங்கப்பா கை, எங்கப்பா கை என்பார். திரையைத் தூக்கி நிறுத்தின கையைச் சொல்கிறார் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் உறையை எடுத்துக் கடைக்காரனின் மேசைமேல் வைத்தாள். "இவ்வளவுதான். மிச்சத்துக்கு மீன் எண்ணெய். வேணாம்னா சொல்லுங்க."

தாக் உறையைப் பிரித்துப் பார்த்தான். வைதான். அவளை வைதான், வசந்த காலத்தை வைதான், வீட்டுச் சாமானை விற்கிற பெண்களையெல்லாம் பொதுவாக வைதான். வைதுகொண்டே திரையை மடித்தான். மடித்ததும் பூக்கள் ஒன்றோடொன்று முகம் சேர்த்து உள்ளே போய்விட்டன. வெளியே இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை.

"கட்டித் தர மாட்டேன். ஆள் அனுப்ப மாட்டேன். தூக்கிட்டுப் போங்க" என்றான்.

சனிக்கிழமையில் அந்தத் தெருவுக்குள் வண்டி விட மாட்டார்கள். பெரிய ரோடு வரைக்கும் சுமந்தாக வேண்டும். ஹேரான் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க அக்கா."

"நானா? அந்தச் சாமானை நான் தொட மாட்டேன். என் விசுவாசத்துக்கு ஆகாது."

"விக்கறதுக்குத் தொட்டீங்களே. நாளைக்குச் சின்ன மாமனார் கேப்பாரு, எங்கப்பா எழுத்து எங்கேன்னு. புலிப் படத்துக்கு முதுகுல இருக்குன்னு சொல்லட்டுமா, இல்ல, காகிதம் நைஞ்சு போச்சு, சரிபண்ணக் கொடுத்திருக்கேன்னு சொல்லட்டுமா? எதைச் சொல்றதுன்னு ரோடு வரைக்கும் யோசிக்கறேன். பிடிங்க."

போங்சுன் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள்.

காலையில் முழங்கையால் இடித்துத் தள்ளின அதே கூட்டம் இப்போது விலகியது. பட்டுப் பாவாடைப் பெண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கடை வாசல்களில் இருந்த வயசானவர்கள், நீளமான வெள்ளைத் திரை வருவதைப் பார்த்ததும், ஏதோ சாவு வீட்டுக்குப் போகிறது என்று சட்டென்று ஒதுங்கினார்கள். பித்தளைக் கடைக் கிழவி தன் கிண்ணங்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். காலையில் கஷ்கொட்டை விற்றவன் வண்டியைத் தள்ளி நிறுத்தினான். போங்சுன் தலை குனிந்தபடியே நடந்தாள். சபையில் தெரிந்த யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவள் கண் இரண்டு பக்கமும் ஓடியது. ஹேரான் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

"வேகமாப் போயேன்டி" என்றாள் போங்சுன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கனமா இருக்கு அக்கா." கொஞ்ச தூரம் போன பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: "நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடுங்க."

"எங்க?"

"எங்க வீட்டுக்கு. நான் முன்பக்கம் இருப்பேன். பின்னால உக்காந்து மீன் பொரிக்க ஆள் வேணும்ல."

"நான் செத்தவங்களைக் கும்பிட மாட்டேன். உனக்குத் தெரியும்."

"கும்பிட வேண்டாம். பொரிச்சாப் போதும். கூடத்துக்குள்ள நீங்க வரவே வேண்டாம்."

போங்சுனின் முனை ஒரு கணம் தாழ்ந்தது. போட்டுவிடுவாள் என்று ஹேரான் நினைத்தாள். போட்டால் போடட்டும் என்று கையை இறுக்கினாள். தாழ்ந்த முனை மறுபடி எழுந்தது.

"எங்க வீட்லயும் வடக்குப் பக்கம்தான் சமையலறை வாசல்" என்றாள் ஹேரான். "பூவை உங்க பக்கம் திருப்பி வெக்கறேன். உக்காந்து பாத்துக்கிட்டே பொரிக்கலாம். எண்ணெய் மட்டும் தெறிக்காமப் பாத்துக்கோங்க. புதுசா வாங்கினது."

 கிங்கோ பழங்களை மிதித்துக்கொண்டு, வெள்ளைத் திரையின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி, அவர்கள் ரோட்டுக்கு வந்து வண்டிக்குக் கை காட்டினார்கள். முதல் டாக்ஸிக்காரன் திரையைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனான்.